ஆரத்திச் சிவப்பு

முருங்கைப் பிசின் ஊறும்போது வருமே ஒரு புளித்த வாடை, ஜப்பான்காரன் காலம் முழுக்க அது மலாக்காவில் எங்கள் கஜா பெராங் வீட்டுச் சமையற்கட்டில் நின்றது. மரவள்ளிக்கிழங்கு வேகும் மணத்தைக்கூட அமுக்கிவிடும். அண்ணன் கடைப் பலகைகளுக்குப் பெயர் எழுதியும் படம் வரைந்தும் எங்களைக் காப்பாற்றியவன். கடைகளில் வண்ணமே வராமல் போனபின், கையில் கிடைத்ததையெல்லாம் அரைத்துப் பிசின் தண்ணீரில் குழைத்துத் தானே நீர்வண்ணம் செய்யத் தொடங்கினான். சங்குப்பூவில் நீலம், அடுப்புக்கரியில் கறுப்பு என்று எல்லாம் ‘கொட்டாங்கச்சி’களில் வரிசையாக நிற்கும். "சோத்துக்கு வழியில்ல, இவனுக்குச் சாயப்பட்டறை கேக்குது" என்பாள் அம்மா. சொல்வாளே ஒழிய, ஒன்றைக்கூடத் தூக்கி எறிந்ததில்லை.

வீட்டுக்கு வீடு வாசலில் ஜப்பான் கொடி இருக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. கட்டிக்கொள்ளவே துணியில்லாத காலம். காகிதத்தில் வரைந்து ஒட்டுவதென்று முடிவாயிற்று. அம்மா அரிசிக்கு வரிசையில் நிற்கப் போயிருந்த ஒரு முற்பகலில், எந்தச் சிவப்பு தேறும் என்று பார்க்க, அண்ணன் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் மூன்று கோடுகள் இழுத்தான். செம்பருத்தி காய்வதற்குள் ஊதாவாகிவிட்டது. கிணற்றடிச் செம்மண் துருப்பிடித்த தகரம் மாதிரி மங்கிக் கிடந்தது. மூன்றாவது, மஞ்சளில் சுண்ணாம்பு கலந்த ‘ஆரத்திச் சிவப்பு’. திருஷ்டி கழிக்கத் தட்டில் கரைப்பார்களே, அதேதான். தாளில் பளீரென்று நின்றது. எனக்கு அப்போது ஒன்பது வயது, வாய் சும்மா இருக்குமா?

"செம்மண்ணுதான் நிக்கும் பாப்பா. மத்தது நாலு நாள் காயட்டும், பாப்போம்" என்றான்.

"அது அசிங்கமா இருக்குண்ணே. எனக்கு ஆரத்திதான் வேணும்" என்று காலை உதைத்துக்கொண்டு அழுதேன். அப்பா இல்லாத பிள்ளை என்று எனக்குச் செல்லம் கொடுத்தே பழகியவன், அன்றும் கொடுத்தான்.

ஆரத்தியைச் சுற்றிய கையோடு தெருவில் ஊற்றிவிடுகிறோம்; அந்தச் சிவப்பு எத்தனை நாள் நிற்கும் என்று நம்மில் யார் பார்த்திருக்கிறோம்? வெயிலும் காற்றும் பட்டுப் பத்தே நாளில் கொடியின் வட்டம் மஞ்சளுக்கே திரும்பிவிட்டது. தினமும் பார்த்த கண்ணுக்கு அது உறைக்கவில்லை. ஒரு காலையில் இரண்டு சிப்பாய்கள் வாசலில் வந்து நின்றபோதுதான் உறைத்தது. யார் செய்தது என்று கூட வந்த ஆள் மலாயில் கேட்டான். நான் அம்மாவின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். "சாயா, துவான்" என்றான் அண்ணன். நான்தான் ஐயா என்று. விழுந்த அறையின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. லாரியில் ஏற்றும்போது அவன் என்னைத்தான் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபமே இல்லை, அதுதான் என்னைத் தூங்கவிடாதது. சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோனதாகப் பிறகு யாரோ சொன்னார்கள். அதற்குமேல் ஒரு சேதியும் வரவில்லை.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது கார் கழுவும் கடை. கிணற்றைத் தூர்த்துச் சிமெண்டு போட்டுவிட்டார்கள். அவன் எழுதிய பலகைகளில் ஒன்றுகூட மலாக்காவில் மிஞ்சவில்லை. அம்மா மட்டும் நெடுங்காலம் இருந்தாள். அவன் பேச்சு வரும்போதெல்லாம், "கெட்டிக்காரன்தான், ஆனா எதையும் யோசிச்சுச் செய்யமாட்டான். கொஞ்சம் யோசிச்சிருந்தா எம்புள்ள இருந்திருப்பான்" என்பாள். அவன் யோசித்தான் அம்மா, நான்தான் விடவில்லை என்று சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன். அவள் கண்மூடும்வரை என் வாயிலிருந்து வந்தது "ஆமாம்மா" மட்டும்தான்.