பினாங்கிலிருந்து ஜேடர்பாளையத்துக்கு விருந்தாளியாக வந்தேன்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பாரவண்டி ஓட்டி, வெல்ல வியாபாரம் செய்து, சொந்தக் கையால் புன்செய்க் காடு வாங்கியவன். ஆனால் மலாய் தேசத்து ரப்பர் தோட்டங்களில் நான் பேசியதைக் கேட்டுக் கண்கலங்காத கங்காணி கிடையாது. கள்ளை விடுங்கள் என்று சொல்வதற்காக அங்குள்ள மதுவிலக்குச் சங்கத்தார் என்னை ஒரு வருஷத்துக்கென்று அழைத்தார்கள். ஆனால் ஆறு வருஷம் விடவில்லை. பினாங்கில் கப்பலேறிய அன்று எனக்கு விழுந்த மாலைகளைச் சுமக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

கப்பலில் படுத்திருந்தபோது மனசில் ஓடியது வேறு. என் மகள் பாவாயியைத் தவழுகிற பருவத்தில் விட்டுவிட்டுப் போனேன். எனக்கு வயது போன பிறகு பிறந்த ஒரே பிள்ளை. அவள் என்னை அப்பா என்று கூப்பிடுவாளா?

தை மாதம் நாகப்பட்டினத்தில் இறங்கினேன். துறைமுக டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். எத்தனை தோட்டங்களில் பேசிய நாக்கு அது என்று அவருக்கு எங்கே தெரியும்! ராத்திரி ரயிலேறி, திருச்சியில் வண்டி மாறி, மறுநாள் மதியத்துக்கு மேல் கொடுமுடியில் இறங்கினேன். காவிரிக்கு இந்தப் பக்கம் கோயமுத்தூர் ஜில்லா, அந்தப் பக்கம் எங்கள் சேலம் ஜில்லா. பரிசலுக்கு ஆளுக்கு ஓரணா.

பரிசலில் எனக்கு முன்னே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேர் மேலும் கள் வாடை. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று பேச ஆரம்பித்துவிட்டேன்.

"உக்காருங்க சாமி, பரிசல் கவுந்துரும்" என்றான் பரிசல்காரன். "நீங்க சர்க்கார் ஆளுங்களா?"

"இல்லை. மலாயாவில் ஆறு வருஷம் கள்ளை ஒழித்தவன்."

"அட, அதுக்கு அவ்வளவு தூரம் போவோணுமா? நம்ம ஜில்லாவுல சர்க்காரே கடையெல்லாம் மூடிப்போட்டாங்க. அதுனாலதான் இவங்க ஆறு தாண்டிக் குடிச்சுப்போட்டு வாராங்க. எனக்கே இப்பத்தான் பொழப்பு நல்லா நடக்குது. ஏனுங்க, நீங்க அங்க எத்தன கடைய மூடுனீங்க?"

"கடையை மூடவில்லை. ஆளைத் திருத்தினேன்."

"அப்பிடீன்னா கரை சேர்றதுக்குள்ள இந்த அஞ்சு பேரையும் திருத்துங்க, பாப்போம்."

உட்கார்ந்தபடியே பேசினேன். நடு ஆற்றில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். ஒருவன் தேம்பி அழுதான். ஆனால் அவன் துறையிலேயே அழுதுகொண்டுதான் ஏறினான் என்று பரிசல்காரன் சொன்னான். நான் இல்லாதபோது என் ஜில்லாவில் கள்ளை நிறுத்தியது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் வருத்தந்தான்.

அக்கரையில் எட்டணாவுக்கு ஒரு வண்டி பேசி, ராஜ வாய்க்கால் ஓரமாக ஆறு மைல் வடக்கே போனேன். பனை மரங்களில் ஒரு கலயம்கூட இல்லை. ஜேடர்பாளையம் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம்.

என் மனைவி பழனியம்மாள், "வந்தீங்களா" என்று மட்டும் சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் பின்னாலிருந்து ஒரு சிறுமி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"வாங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் விருந்தாளி வந்தால் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே "வாங்க" சொல்லித் தண்ணீர் கொடுக்க வேண்டும். ஒருவர் சொல்லாவிட்டாலும் வந்தவர் முகம் கோணும். வீட்டு ஆளுக்கு அதெல்லாம் கிடையாது. அவனே பானையில் மொண்டு குடிப்பான்.

"யாருன்னு தெரியுதா கண்ணு?" என்று கேட்டாள் தாய்.

"தெரியுமே. மலாய்க்காரரு."

அதற்குப் பிறகு வந்த நாட்களை என்ன சொல்ல! ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் மணியடித்து ஆள் கணக்கெடுப்பார்கள். அந்த நேரத்துக்கு இங்கேயும் எழுந்து வாசலில் தனியாக நிற்பேன். என்னை வேலைக்குக் கூப்பிட யாருமில்லை. பினாங்குப் பட்டுத்துணியைப் பாவாயி மரியாதையாக வாங்கி மடித்து வைத்துவிட்டாள். கடைவீதி வரை போய்த் திரும்பினாலும் சொம்போடு வந்து "வாங்க" என்பாள். அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

எங்கள் காடு வாய்க்காலுக்கு மேட்டில் இருக்கிறது. கிணற்றில் சால் என்கிற பெரிய தோல் பையை இறக்கி, மாடு கட்டித்தான் இறைக்க வேண்டும். ஒரு நாள் பண்ணையாளுக்குக் காய்ச்சல். "நான் ஓட்டுகிறேன். இந்தக் கிணறு வெட்டியதே நான்தானே" என்று போனேன். மாடுகள் சரிவில் இறங்கின, சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டியது. உடனே, பழைய வண்டிக்காரப் புத்தி, திரும்ப மேலே ஏற்ற மாடுகளை வளைத்துத் திருப்பினேன். கயிறு முறுக்கிக்கொண்டது, சால் கிணற்றுச் சுவரில் மோதித் தொங்கியது.

பாத்தியில் மடை திருப்பிக்கொண்டிருந்த பாவாயி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஐயோ, திருப்பாதீங்க! பின்னாலயே நடத்தோணும்! அம்மா, இவரு வண்டி ஓட்டறாரு பாரும்மா!" விழுந்து விழுந்து சிரித்தாள். "இத்தன வருசமா அங்க என்னதான் பண்ணுனீங்க?"

"பேசினேன்."

"அப்ப மாட்டுகிட்டயும் பேசுங்க. பேசுனாத்தான் பின்னால வரும்."

கயிற்றைச் சரிசெய்தோம். அவள் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நின்றாள். ரப்பர் தோட்டமெல்லாம் கேட்ட குரலில் நான் மாடுகளைக் கூப்பிட்டேன். அடி அடியாகப் பின்னால் ஏறி வந்தன. மலாயாவிலும் இவ்வளவு சீக்கிரம் யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை. பொழுது சாயும்வரை இறைத்தேன். உள்ளங்கை இரண்டும் கொப்பளம்.

சங்கத்தார் மறுபடி எப்போது வருவீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். கிணறு வற்றினால் பார்க்கலாம் என்று பதில் போட்டேன்.

சால் இறைத்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது யாரும் "வாங்க" சொல்லவில்லை. பழக்கத்தில் வாசலில் கொஞ்சம் நின்றேன். சொம்பு வரவில்லை. பாவாயி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"மாட்டுக்குத் தண்ணி காட்டுனீங்களாப்பா?"

"காட்டிவிட்டேன்."

"பானைல இருக்குது, குடிங்க."

நானே மொண்டு இரண்டு சொம்பு குடித்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்புத்தான்.