பில்சுன் அக்கா மூட்டையில்லாமல் போன நாள்

பில்சுன் அக்காவின் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய பாஸ்போர்ட்டுகள் இருந்தன. மொத்தம் பதினொன்று. ஒன்றுகூடக் காலம் முடிந்து மாற்றியதில்லை. முத்திரை குத்த இடமில்லாமல் போய் மாற்றியவை. கொரியாவில் எங்கள் பூசான் துறைமுகத்தில் சாயங்காலம் கப்பல் ஏறினால் காலையில் அக்கரையில், ஜப்பானில், இறங்கலாம். பகலில் வேலையை முடித்துக்கொண்டு அன்று சாயங்காலமே அதே கப்பலில் திரும்பலாம். வாரத்துக்கு மூன்று தடவை, பத்தொன்பது வருஷம் அவள் இப்படிப் போய் வந்தாள். பதினோரு வருஷமாக நானும் கூடவே போய் வந்தேன்.

எங்களை மூட்டைக்காரிகள் என்பார்கள். போகும்போது மிளகாய்த்தூள், நல்லெண்ணெய், காய்ந்த கடற்பாசி. வரும்போது வயிற்றுவலி மாத்திரை, இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வலிப்பட்டை, மிட்டாய், தெர்மாஸ். ஒரு ஆள் சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு கொண்டுபோகலாம் என்று சட்டம் சொல்கிறதோ அவ்வளவு, அதற்கு மேல் ஒரு பிடி. அந்த ஒரு பிடியில்தான் எங்கள் பிழைப்பு.

இறங்குமுன் எல்லோரும் ஒரு சீட்டு நிரப்ப வேண்டும். வருகையின் நோக்கம் என்ன என்று கேட்டுப் பக்கத்தில் கட்டங்கள் போட்டிருக்கும்: சுற்றுலா, வியாபாரம், உறவினரைப் பார்க்க. வியாபாரம் என்று குறித்தால் அதற்கு வேறு விசா, வேறு காகிதம், வேறு தொல்லை. அதனால் மூட்டைக்காரிகள் அத்தனை பேரும் சுற்றுலாப் பயணிகள்தான்! முதுகில் முப்பது கிலோ மூட்டையோடு, முழங்காலில் பட்டை ஒட்டிக்கொண்டு, அறுபது வயதில் சுற்றுலா. தங்குமிடம் என்ற இடத்தில் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் ஒரு விடுதியின் பெயரை எல்லோரும் எழுதுவோம். அதன் வாசற்படியை ஒருத்தியும் மிதித்ததில்லை. அதிகாரிகளுக்கும் தெரியும். தெரிந்தும் முத்திரை குத்தினார்கள்.

அக்கா முன்பு ரப்பர் செருப்பு ஆலையில் அடிப்பாகத்துக்குப் பசை தடவியவள். ஆலையை மூடினார்கள். அடுத்த வருஷமே ஈரல் கெட்டுப் புருஷன் போய்ச் சேர்ந்தார். ஒரே மகள் ஹேசுக் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அக்கா யாரிடமும் அழவில்லை. ஒரு துணிமூட்டையை வாங்கிக்கொண்டு கப்பலேறினாள். வாயாடி என்றால் அப்படி ஒரு வாயாடி. சுங்கக்காரன் மூட்டையைக் குத்திப் பார்த்தால், "தம்பி, அது என் வயித்துவலி மருந்து. நாப்பது டப்பா சாப்பிட்டாத்தான் கேக்கும்" என்பாள். அவனும் சிரித்துவிட்டு விடுவான்.

ஹேசுக்குக்கு இது சிரிப்பாக இல்லை. படித்தாள், ஜப்பானில் வேலைக்குப் போனாள், ஒகயாமாவில் நொபுயுகி என்ற பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். துறைமுகத்திலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம். கல்யாணத்துக்கு அக்கா எப்படிப் போனாள் தெரியுமா? ஒரு பயணத்தை வீணாக்க மனசில்லாமல் மூட்டையோடு. மண்டபத்து வாசலில் நல்லெண்ணெய் வாசனை கமகமக்க அதை இறக்கிவைத்தாள். சம்பந்தி வீட்டார் மூக்கைச் சுளிக்கவில்லைதான், ஆனால் பார்த்தார்கள்.

"ஒரு நாளைக்காவது மூட்டை இல்லாம உன்னால வரமுடியாதாம்மா?" என்று கேட்டுவிட்டாள் மகள்.

"இந்த மூட்டைதாண்டி உன்னைப் படிக்க வச்சுது" என்று சொல்லி, சாப்பாட்டில் கைவைக்காமல் அக்கா திரும்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஆறு வருஷம். வருஷப்பிறப்புக்கு ஒரு போன், அதுவும் இரண்டு நிமிஷம். வாரம் மூன்று தடவை மகள் இருக்கும் நாட்டில் கால்வைப்பவள், மூன்று மணி நேர ரயிலில் ஏறமாட்டாள். நான் கேட்டால், "அவ கூப்பிடட்டும்" என்பாள். எனக்கு ஆத்திரமாக வரும். இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம்.

கடைசியில் மகள் கூப்பிட்டாள். கணையத்தில் புற்றுநோய். வைத்தியர் மாதக்கணக்கு சொல்லவில்லை, வாரக்கணக்கு சொல்லியிருந்தார்.

"அம்மா, வர்றியா? வந்து ஒரு மாசம் என்கூட இரு."

அக்கா போனை வைத்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். "என்னைக் கூப்பிட்டுட்டாடி, ஒக்புன்" என்றாள். முதலில் சொன்னது அதுதான். நோயைப் பற்றி அதற்கப்புறம்தான் சொன்னாள்.

மறுநாளே கிளம்பினோம். அக்கா தலைமுடி திருத்திக்கொண்டாள், பழுப்பு நிறத்தில் ஒரு கோட்டு வாங்கிக்கொண்டாள். கையில் ஒரு சின்னப் பை மட்டும். அவளை அப்படிப் பார்த்த மற்ற மூட்டைக்காரிகள் விடுவார்களா?

"ஏ பாருங்கடி, இன்னிக்குத்தான் நெசமான சுற்றுலாப் பயணி வந்திருக்கா!"

"மாப்பிள்ளை பாக்கப் போறியா அக்கா?"

"உங்களையெல்லாம் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. என் மகளைப் பாக்கப் போறேன்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு களை இருந்தது.

விசா பற்றி நாங்கள் கவலைப்படவே இல்லை. எங்கள் நாட்டுக்காரர்கள் விசா இல்லாமலே தொண்ணூறு நாள் தங்கலாம் என்று விதி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஒரு மாதம்தானே என்று நினைத்தோம். காலையில் கப்பல் நிற்கும் நேரம் அக்கா சீட்டை நிரப்பினாள். பத்தொன்பது வருஷமாகப் பழகின கை. சுற்றுலா என்ற கட்டத்தில் குறித்தது. தங்குமிடத்தில் அந்த விடுதிப் பெயரையே எழுதியது. நாட்கள் என்ற இடத்தில் மட்டும் ஒன்றுக்குப் பதிலாக முப்பது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் உறைக்கவில்லை.

கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு புது அதிகாரி, இளம்பெண். விரல் ரேகை எடுக்கும் கருவியில் அக்கா விரலை வைத்தாள். பசையும் கயிறும் தின்ற விரல்கள். மூன்று தடவை வைத்தும் பதியவில்லை. அந்தப் பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள், கொரியமொழி தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டாள். நான் பக்கத்துக் கவுண்டரில் நின்றேன், எல்லாம் காதில் விழுந்தது.

"போன வருஷம் மட்டும் நூத்தி நாப்பத்தாறு தடவை சுற்றுலா வந்திருக்கீங்க."

"ஆமா."

"இங்க என்னென்ன பாத்தீங்க?"

ஊரே சிரிக்கப் பேசுகிற அக்காவுக்கு அன்று ஒரு கோயில் பெயரோ ஒரு பூங்காவின் பெயரோ சொல்ல வரவில்லை. அவள் பார்த்ததெல்லாம் துறைமுகம், மருந்துக்கடை, அவை இரண்டுக்கும் நடுவே ஒரு சந்தை. யாராவது கேட்பார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"என் பொண்ணுக்கு உடம்பு சரியில்லம்மா. அவளைப் பாக்க வந்தேன்."

"அப்படின்னா சுற்றுலான்னு ஏன் எழுதினீங்க? விடுதின்னு ஏன் எழுதினீங்க? பொண்ணோட விலாசம் சொல்லுங்க."

விலாசம் அக்காவிடம் இல்லை. மருமகன் ரயில் நிலையத்துக்கு வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. "போன் நம்பர் குடுங்க, நாங்களே கேட்டுக்கறோம்" என்றாள் அந்தப் பெண். அங்கேதான் அக்கா தலையை ஆட்டினாள். மகள் ஆஸ்பத்திரிப் படுக்கையில், சுற்றிலும் சம்பந்தி வீட்டார். அந்த நேரத்தில் அதிகாரி போன் செய்து, உங்கள் அம்மாவைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று சொல்வதா? மகள் எதற்கு வெட்கப்பட்டாளோ அதே வெட்கத்தை மறுபடியும் அவள் காதில் போடுவதா? நம்பரைக் கொடுக்கவே மாட்டேன் என்றுவிட்டாள். அந்தப் பெண்ணை நான் குறைசொல்ல மாட்டேன். மூவாயிரம் பொய்க்கு நடுவில் வந்த ஒரு உண்மையை அவள் எப்படி அடையாளம் காண்பாள்?

அனுமதி இல்லை, சாயங்காலக் கப்பலிலேயே திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து அறைக்குக் கூட்டிப்போகும்போது அக்கா என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"ஒக்புன்! ஹேசுக்குக்கு ஒரு போன் பண்ணு. என்னைத் திருப்பி அனுப்பினதைச் சொல்லாதே! கடல்ல அலை, கப்பல் கெளம்பலைன்னு சொல்லு. அலை அடங்கினதும் வந்துடுவேன்னு சொல்லு."

எனக்கு முத்திரை குத்தினார்கள். மூட்டையோடு ஒரு நாளுக்கு வந்தவள், அவர்களுக்குப் பழக்கப்பட்ட பொய். வெளியே வந்ததும் முதலில் கண்ணில்பட்ட பொதுத் தொலைபேசியில் காசு போட்டேன்.

"யாரு, சித்தியா? அம்மா எங்க?" ஹேசுக்கின் குரல் காற்றாகத்தான் வந்தது.

"கண்ணு, கப்பல் கெளம்பவே இல்லடி. ஒரே அலை. நான் பூசான்ல வீட்டுலேருந்துதான் பேசறேன். அம்மா பக்கத்துலதான் இருக்கா, தொண்டை கட்டிப் பேச முடியல. அலை அடங்கினதும் வந்துடுவா."

"சரி சித்தி" என்றாள். "உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க."

நன்றாகச் சமாளித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு நான் மிளகாய்த்தூள் விற்கப் போனேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவள் இனி முறையாக விசா வாங்கித்தான் போக வேண்டும். மருமகனின் அழைப்புக் கடிதம், அவர் சம்பளச் சான்று, வைத்தியர் சான்று, தாய்மகள் உறவுக்கு அத்தாட்சி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காகிதம் சேர்த்தோம். விசா ஏஜென்ட் கடைப் பையன் மருமகனுக்கு எழுதி வரவழைத்தான்; விசா கைக்கு வரும்வரை ஹேசுக்கிடம் சொல்ல வேண்டாம் என்று அதில் எழுதவைத்தாள் அக்கா. அங்கே போய் ஒவ்வொரு நாளும் என்ன செய்யப்போகிறாய் என்று நாள்வாரியாக எழுதவும் ஒரு தாள் இருந்தது. நான்தான் எழுதினேன். முதல் நாள், ஆஸ்பத்திரி. இரண்டாம் நாள், ஆஸ்பத்திரி.

"கீழ வரைக்கும் 'மேலே சொன்னபடி'ன்னு போட்டாப் போதும் அம்மா" என்றான் வாங்கிப் பார்த்த அந்தக் கடைப் பையன்.

"வேணாம். முப்பதையும் எழுதுடி. இந்தத் தடவை ஒரு எழுத்து பொய் இருக்கக்கூடாது" என்றாள் அக்கா. எழுதினேன். முப்பது வரி, முப்பது ஆஸ்பத்திரி.

இடையில் நான் கப்பலில் போய்வந்த நாட்களில் அக்கா தனியாகப் போன் செய்துகொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் ஹேசுக்கைத் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள், போன் பேச விடவில்லை. போனை மருமகன்தான் எடுப்பார். அவருக்கு எங்கள் பேச்சு தெரியாது, அக்காவுக்கு அவர் பேச்சு தெரியாது. "அம்மா, அம்மா" என்று மட்டும் சொல்லுவார். பன்னிரண்டாம் நாள் ஹேசுக் போய்விட்டாள். பதினான்காம் நாள் விசா வந்தது.

அக்காவும் நானும் போனோம். அதே கவுண்டர், வேறு அதிகாரி. விசாவைப் பார்த்தார், முத்திரை குத்தினார், ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அக்கா நகராமல் நின்றாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.

ஒகயாமாவில் நொபுயுகி எங்களை உட்காரவைத்தார். ஹேசுக்கின் படம், முன்னால் ஊதுவத்தி, வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியில் அஸ்தி. சந்தையில் அக்கா விரலைக் காட்டியே பேரத்தை முடிப்பாள்; நான் பேசிப் பழகியதால் அவர் பேச்சு எனக்குப் புரியும். அவர் என்னைப் பார்த்துப் பேசினார், அக்காவுக்குச் சொல்லச் சொன்னார்.

"அன்னிக்குப் போன் வந்தப்போ நான் பக்கத்துல இருந்தேன். திரையில 'பொதுத் தொலைபேசி'ன்னு வந்துச்சு. உள்நாட்டுலேருந்து பேசினாத்தான் அப்படி வரும். போனை வச்சதும், கடல் இன்னிக்கு எப்படி இருக்குன்னு பாருங்கன்னு சொன்னா. வானிலைச் செய்தியில பாத்தேன். வெயில், அலை இல்லைன்னு சொல்லிட்டேன். ஏன் கேக்கறான்னு யோசிக்காமப் போயிட்டேன். ரொம்ப நேரம் சுவரையே பாத்துட்டு இருந்தா. 'துறைமுகம் வரைக்கும் சித்தி வந்திருக்காங்க, அம்மா வரலை. அம்மாவுக்கு இன்னும் கோவம் போகலை'ன்னா. அப்புறம் அம்மாவைப் பத்திக் கேக்கவே இல்லை."

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி சொல்றாரு?"

"அம்மா வருவாங்க, அம்மா வருவாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாளாம்க்கா."

அக்கா தலையை ஆட்டினாள். ஊதுவத்திச் சாம்பல் விழுந்ததை விரலால் கூட்டி எடுத்தாள்.

"வெயில், அலை இல்லைன்னாரே," என்றாள். "அந்தச் சொல்லு மட்டும் எனக்குப் புரியும்டி. பத்தொன்பது வருஷமா அந்தத் துறைமுகத்து ஒலிபெருக்கியில தினம் கேக்கறது அதுதானே."

நான் அழுதுவிட்டேன். எங்கிருந்து போன் செய்தேன், என்ன சொன்னேன், அவள் மகள் எப்படிக் கண்டுபிடித்தாள், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ என்ன பண்ணுவே. சொல்லச் சொன்னது நான்தானே" என்றாள். பிறகு முழங்காலை ஊன்றி மெல்ல நகர்ந்து படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்து மகளிடம் பேசினாள், உரக்க, செவிடர்களிடம் பேசுவது மாதிரி.

"வந்தேன்டி. புதுக் கோட்டு போட்டுக்கிட்டு அந்தக் கண்ணாடி வரைக்கும் வந்தேன். என்னை உள்ளே விடலைடி."

அம்மா என்ன சொல்கிறார்கள் என்று நொபுயுகி என்னிடம் கேட்டார். அதை மட்டும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அவருக்குச் சொன்னேன்.