கராத்தேக்காரனும் என் காதும்

வீடியோ கேமில் வருகிற அந்தக் கராத்தேக்காரன் மேல் எனக்கு இப்போது கோபம்தான். வெள்ளை உடை, உருண்டைத் தலை, முகத்தில் ஒரு உணர்ச்சியும் கிடையாது. எங்கிருந்தோ ஒரு பூந்தொட்டி பறந்து வரும். பாட்டின் தாளத்தில் சரியாகக் குத்தினால் தொட்டி உடையும். கொஞ்சம் முந்தினாலோ பிந்தினாலோ கை காற்றில் போகும். தொட்டிக்குப் பிறகு பல்பு, பந்து, பாறாங்கல் என்று எதையாவது அவன் மேல் வீசிக்கொண்டே இருப்பார்கள். யார் வீசுகிறார்கள், அவன் என்ன பாவம் செய்தான் என்றெல்லாம் விளையாட்டில் சொல்லமாட்டார்கள். வீடு, வேலை என்று இருக்கிற ஒருத்தி இதில் என்ன கண்டாள் என்று கேட்பீர்கள். ரயிலில் தூக்கம் வராது, கைக்கு ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான்.

விளையாட்டுப் பெட்டி என் தம்பியுடையது. கையில் பிடித்து ஆடுகிற சின்னப் பெட்டி, பெங்களூரில் பழசாக வாங்கினான். அதில் இந்தத் தாள விளையாட்டு பாகம் பாகமாக வரும். ஒவ்வொரு பாகத்திலும் குட்டி ஆட்டங்கள் நிறைய இருக்கும், அவை மாறிக்கொண்டும் இருக்கும். கராத்தேக்காரன் மட்டும் விடாமல் திரும்பத் திரும்ப வந்துவிடுவான். அவனுக்கும் எங்களைப் போலவே வேறு வேலை கிடைக்கவில்லை போலிருக்கிறது.

எங்கள் தங்கச் சுரங்க ஊரான கேஜிஎஃப்பில், ஊரிகம் ஸ்டேஷனில் இருட்டு விலகுவதற்குள் பெங்களூர் ரயில் ஏறிவிடுவோம். பங்காருபேட்டை வந்ததும் ரயில் பெட்டி நிரம்பிவிடும். எதிரில் ஒரு பெண் மடியில் அவரைக்காயைக் கொட்டி நார் உரித்துக்கொண்டிருப்பாள். சீட்டாடுகிறவர்கள் ஒரு பக்கம், வாயைப் பிளந்து தூங்குகிறவர்கள் ஒரு பக்கம். தம்பிக்குத் துணிக் கிடங்கில் வேலை, சில மாதம் இருக்கும், சில மாதம் இருக்காது. எனக்குப் போனில் பதில் சொல்கிற வேலை. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பேசுவேன். எங்கள் ஊரில் பிறந்ததற்கு சும்மா வந்த வரும்படி அது. காலை முதல் சாயங்காலம் வரை ஹெட்செட் மாட்டிக்கொண்டு, யாருக்கோ வராத எதற்கோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பேன். என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

கராத்தே ஆட்டத்தில் தம்பியை நான்தான் ஜெயிப்பேன். அவன் தொட்டியைப் பார்த்துக் குத்துவான், அதனால் எப்போதும் பிந்துவான். நான் இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவேன். தொட்டி கிளம்பும்போது மெல்லிசாக ஒரு சத்தம் வரும். அதைப் பிடித்தால் போதும், அடுத்த தாளத்தில் கட்டைவிரல் தானாக இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறாளே என்று சீட்டாடுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்ததுண்டு. சொன்னால் என்ன, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

புதுப் பாகம் வந்ததும் தம்பி ஆசையாக என்னிடம் முதலில் கொடுத்தான். கண்ணை மூடி ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் என் தோளைத் தட்டினான்.

"இன்னாக்கா, தூங்கறியா?"

"தொட்டியே வரலடா."

"வந்துச்சே. வரிசையா வந்துச்சு. நீ சும்மா உக்காந்துகினு இருந்த."

இயர்போனைக் குறை சொன்னேன். அவன் வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்து, நல்லாத்தான் கேக்குது என்றான். பெட்டியைக் குறை சொன்னேன், ரயிலைக் குறை சொன்னேன். அடுத்த நாள் கண்ணைத் திறந்துகொண்டு ஆடினேன், எல்லாம் உடைந்தன. கண்ணை மூடினால், ஒரே சீராக வருகிற தொட்டிகள் மட்டும் உடைந்தன. நடுவில் தாளம் நின்று தாமதித்து வருபவை எல்லாம் போயின. தம்பி பெட்டியை வாங்கிப் பைக்குள் வைத்தான். பழைய பாகத்தை நான் காதால் ஆடவில்லை, மனப்பாடத்தால் ஆடியிருக்கிறேன்.

இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது என்று யாரும் கேட்கலாம். எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தால் கேட்கமாட்டார்கள். அப்பா சுரங்கத்தில் பாறையில் துளை போடுகிற மிஷினைப் பிடித்தவர். அந்த இரைச்சலில் காது போய்விட்டது. அக்கம்பக்கத்து வீடுகளிலும் அதே கதை. சுரங்கக்காரர்களின் வரிசை வீடுகளான எங்கள் லைனில் எல்லாருமே கத்தித்தான் பேசுவோம், டிவியும் கத்தும். யாருக்குக் கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்று அங்கே கண்டுபிடிக்கவே முடியாது. பெங்களூர் ஆபீசில் மெதுவாகப் பேசச் சொன்னபோது, நாங்கள் கேஜிஎஃப்காரர்கள், எங்கள் வாய் அப்படித்தான் என்று சிரித்தேன். டிபன் நேரத்தில் கன்னடப் பெண்கள் தங்களுக்குள் முணுமுணுப்பதாகவும், என்னை ஒதுக்குவதாகவும் வேறு மனத்தாங்கல் வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் கத்திக் கேட்டேன். "காது போச்சுன்னு ஒனக்கு எப்பிடிப்பா தெரிஞ்சிது?"

அவர் என் வாயைப் பார்த்துப் பதில் சொன்னார். "தெரியலயே. எல்லாருக்கும் எம்மேல கோவம், அதான் யாரும் பேசறதில்லன்னு நெனச்சிகினு இருந்தேன்."



ஆபீசிலும் அதற்குள் பேச்சு வந்துவிட்டது. வாடிக்கையாளர் சொன்னதையே திரும்பச் சொல்ல வைக்கிறேன் என்று என் மேல் புகார். காதைப் பரிசோதித்து, சரியாக இருக்கிறது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால்தான் மேற்கொண்டு வேலை என்று மேலாளர் சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அந்த வேலையை விட்டால் வேறு கதி இல்லை. அரைநாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பியும் கூட வந்தான்.

கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள் பரிசோதனை செய்கிற பெண். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். இதில் எனக்கு என்ன பயம் என்று நினைத்தேன். எப்படியாவது தேறிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதலில் சத்தம் நன்றாகவே கேட்டது. பிறகு தேய்ந்து தேய்ந்து போனது. இடைவெளி விரலுக்குப் பழகிவிட்டதால் ஒன்றிரண்டை ஊகித்து அழுத்தினேன், அது எனக்கே தெரியும். அதன் பிறகு சத்தம் திரும்பவும் வந்தது. சன்னமாக, ஒரே சீராக வந்தது. ஒன்றைக்கூட விடாமல் அழுத்தினேன். ஜெயித்துவிட்டேன் என்று உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

அந்தப் பெண் கதவைத் திறந்து உள்ளே வந்து என் ஹெட்போனைக் கழற்றினாள். "மேடம், கொஞ்ச நேரமா நான் சத்தமே குடுக்கல," என்றாள் பொறுமையாக. "நீங்க அழுத்திட்டே இருந்தீங்க."

ஏமாற்றுகிறேன் என்று நினைத்திருப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும். எனக்குச் சத்தியமாக அந்தச் சத்தம் கேட்டது. அப்படியானால் போனில் எனக்குக் கேட்டதெல்லாம் என்ன? இத்தனை பேருக்கு எந்தக் கேள்விக்கு எந்தப் பதிலைச் சொல்லி வைத்தேன்? மறுபடி பரிசோதித்தபோது கேட்டதற்கு மட்டும் அழுத்தினேன். பெரும்பாலான நேரம் விரல் சும்மா இருந்தது. அவ்வளவு அசதி எனக்கு எந்த ரயிலிலும் வந்ததில்லை.

டாக்டர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். இரண்டு காதுக்கும் மிஷின் வைக்க வேண்டும், ஹெட்செட் வேலை இனி கூடாது. வெளியே வராந்தாவில் தம்பி எழுந்து நின்றான். பக்கத்தில் ஏதோ குழந்தை அழுதுகொண்டிருந்தது, ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் என்னிடம் ஏதோ கேட்டான். அந்த இடத்தில் வேறென்ன கேட்பான்?

"ரெண்டு காதும் போச்சாம்டா," என்றேன். "வேலைக்கும் போகக் கூடாதாம்."

அவன் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான், அவன் கேட்டது அது இல்லை என்று புரிந்தது. வாசலில் இருந்த டீக்கடைப் பக்கம் கையைக் காட்டி, அப்பாவிடம் பேசுகிற குரலில் திரும்பச் சொன்னான்.

"டீ குடிக்கிறியான்னு கேட்டேன்க்கா."