ஈரக்கை வாசித்த ஸ்கேல்

என் ஓரகத்திக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளை எங்கள் சின்ன மாமாவின் மச்சினன் மகனுக்குக் கொடுத்தார்கள். கடைசிப் பையன் கப்பல் வேலைக்குப் போனவன், போன இடத்திலேயே ஒருத்தியைப் பார்த்துக்கொண்டான். நான் சொல்ல வந்தது நடுவில் பிறந்தவனைப் பற்றி. வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். எல்லோருக்கும் அவன் ஈரக்கை.

சலவை நிலையத்தில் வேலை. விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைப் பிரித்து, ஆள் உயர இயந்திரத்தில் திணித்து, துவைத்ததை இழுத்து உலர்த்துகிற இயந்திரத்தில் போடுவது அவன் பாடு. தண்ணீரிலேயே கிடந்து விரல் நுனியெல்லாம் சுருங்கி வெளுத்துப்போயிருக்கும். அவனோடு கை குலுக்கியவர்கள் உடனே தங்கள் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்கள். பெயர் அப்படி வந்தது.

அவன் வீடு எங்கள் எதிர்வாசல். அவன், அவன் மனைவி, பல் முளைக்கிற பெண் குழந்தை, என் ஓரகத்தி, இத்தனை பேரும் ஓர் அறையிலும் ஒரு சமையலறையிலும். அங்கே யாராவது தும்மினால் இங்கே நான் கதவைத் திறந்து என்னவென்று கேட்பேன்.

கிட்டார் அவன் வாங்கியதில்லை. மேல்வீட்டுக்காரர் காலி செய்துகொண்டு போகும்போது, லாரியில் இடமில்லை என்று படிக்கட்டில் சாத்திவிட்டுப் போனது. இவன் அதைத் துடைத்து, கம்பி மாற்றி, காதால் கேட்டே, சினிமாப் பாட்டு ஓடும்போது கூடவே தாளமாகக் கம்பியை அடிக்கப் பழகிக்கொண்டான். சொந்தக்காரப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு நாலு பாட்டு ஓடும். அதற்கு மேல் அதைப் பற்றி அவனைத் தவிர யாரும் நினைத்ததில்லை.

அவன் மனைவியின் அண்ணன் கீபோர்டு வாசிக்கிறவர். கல்யாண வரவேற்புகளுக்குப் போகிற ஒரு குழு வைத்திருக்கிறார். அதில் கிட்டார் வாசித்தவர் வேறு ஊருக்குக் குடிபோகிறார் என்று தெரிந்ததும் ஈரக்கை போய் நின்றுவிட்டான். காரணம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் இவனைக் கூப்பிடுவார்கள். நாற்காலி இறக்க, தண்ணீர் கேன் தூக்க, எல்லாம் முடிந்தபின் கூட்டிப் பெருக்க. ஒருநாள் என்னிடம், “ஒரு தடவையாவது மேடையில உக்காந்து எல்லாரையும் மேலேர்ந்து பாக்கணும் சித்தி” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கண் சிரிக்கவில்லை.

மச்சான்காரர் பட்டென்று முடியாது என்று சொல்லவில்லை.

“மாப்ள, கூட அடிக்கிறது உனக்கு வரும். ஆனா பாட்டுக்கு நடுவுல கிட்டாருக்குன்னு தனியா ஒரு துண்டு வரும்ல, அத யாரு வாசிக்கிறது? அதுக்கு ஸ்கேல் கையில இருக்கணும். என் சித்தப்பா பொண்ணு ரிசப்ஷனுக்குள்ள ஸ்கேல் சுத்தமா வந்தா நீதான். வரலன்னா வெளியாள்தான். தங்கச்சி புருஷன்னு சலுகையெல்லாம் கெடையாது.”

இதைக் கேட்ட என் ஓரகத்திக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“ஸ்கேலா? பள்ளிக்கூடத்துல கோடு போடுவாங்களே, அதா?”

“இல்லம்மா. இது சுரம். ச ரி க ம மாதிரி வரிசையா ஏறி, வரிசையா எறங்கணும்.”

“ஏறி எறங்கறதுக்கு நம்ம மாடிப்படி பத்தாதா ஒனக்கு?”

சரி, ஸ்கேல் பழக வேண்டும். எப்போது பழகுவது? வேலை முடிந்து வந்து கிட்டாரை எடுத்தால் குழந்தை தவழ்ந்து வந்து அதன் ஓட்டைக்குள் கையை விடும். ஒருநாள் கடித்த பிஸ்கட்டை உள்ளே போட்டுவிட்டது. அதைக் குலுக்கி எடுக்கவே அன்றைய பொழுது போயிற்று. குழந்தை தூங்கினபின் வாசித்தால் குழந்தை எழுந்துவிடும். சரி, சத்தம் போடாமல் விரலை மட்டும் வைத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தால் கிட்டாரைக் கட்டிக்கொண்டே தூங்கிப்போவான்.

“என்ன விட அதத்தான் நல்லா கட்டிப்புடிக்கிறீங்க” என்பாள் அவன் மனைவி.

கடைசியில் கிட்டாரை வேலைக்கே கொண்டுபோனான். அங்கே மேற்பார்வை பார்க்கிற அம்மா வாய் பெரியவள், மனசு மோசமில்லை.

“மெஷின் ஓடறப்ப வாசிச்சுக்கோ. மெஷின் நின்னா பாட்டும் நிக்கணும். ஒரு விரிப்புல கறை தங்குச்சுன்னு வையி, உன் கிட்டார உள்ள போட்டு துவைச்சிருவேன்.”

அதற்கப்புறம் தினமும் இதே கதைதான். துணியைத் திணித்துக் கதவைச் சாத்தியதும் சோப்புத்தூள் மூட்டைமேல் உட்கார்ந்துவிடுவான். இயந்திரம் நிற்பதற்குள் எத்தனை தடவை முடியுமோ அத்தனை தடவை, அடி முதல் நுனி வரை, நுனி முதல் அடி வரை. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று கை பறக்கும். ஊறிப்போன விரல் நுனியைக் கம்பி கத்தி மாதிரி கீறியது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வாசித்தான். இவ்வளவு பாடுபடுகிறோமே, வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் ஒத்திகை டிரம்ஸ்காரரின் கார் ஷெட்டில். அவர் பகலில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பாட்டு ஆரம்பித்தது. கிட்டார் துண்டு முதல் தடவை வந்தபோது ஒழுங்காகத்தான் வாசித்தானாம். இரண்டாம் தடவை கொஞ்சம் வேகம். மூன்றாம் தடவை வந்தபோது பாட்டு ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம்.

“மாப்ள, எங்க ஓடுற? வீட்ல அடுப்ப அணைக்காம வந்துட்டியா?” என்றார் மச்சான்.

டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். “விடுங்க, அவரு முன்னாடி போயி நமக்கு பஸ்ல சீட்டு போட்டு வைப்பாரு.”

மறுபடி வாசித்தான். மறுபடியும் முதலில் ஒழுங்கு, போகப் போக ஓட்டம். மச்சான் முகம் மாறிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒருமுறை பார்ப்பதாகவும், அதிலும் இப்படி என்றால் வெளியாளுக்குச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். வீட்டுக்கு வந்து இவன் கிட்டாரை மூலையில் சாத்தினான். கதவோரமாக முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டான். என் ஓரகத்தி வந்து என்னிடம், “அந்தக் கோடு போடற சனியன் என் புள்ளைய என்ன பண்ணுச்சு?” என்று கேட்டாள்.

கை ஏன் ஓடுகிறது என்று கண்டுபிடித்தவள் அவன் மனைவி. கண்டுபிடிக்கப் போனவள் இல்லை. வீட்டுச் சாவி இரண்டையும் இவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வைய வேண்டியதையெல்லாம் வழிநெடுக யோசித்துக்கொண்டு சலவை நிலையத்துக்குப் போனாள். இவன் சாவியை நீட்டிவிட்டு மறுபடி வாசிக்க உட்கார்ந்துவிட்டான். வையக்கூட நேரம் கொடுக்கவில்லை. சரி என்று அவளும் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

இயந்திரம் முதலில் துவைக்கும். உள்ளே பெரிய உருளை ஒரு பக்கமாகச் சுற்றி, மூச்சு விடுகிற மாதிரி கொஞ்சம் நின்று, மறுபக்கமாகச் சுற்றும். நிதானமான சத்தம். அலசல் முடிந்து கடைசியில்தான் பிழிதல். அப்போது வேகம் ஏறி ஏறி, தரையெல்லாம் நடுங்கும்.

“ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்க” என்றாள்.

“என்ன?”

“அது பிழிய ஆரம்பிச்சதும் நீங்களும் பிழிய ஆரம்பிச்சிட்டீங்க.”

“என்ன ஒளர்ற?”

“ஒளறல. அது வேகம் எடுக்குது, நீங்க அது பின்னாடியே ஓடறீங்க. தெனம் இதுகூடத்தான வாசிக்கிறீங்க? அது சொல்லிக் குடுத்ததுதான் ஒங்களுக்கு வருது.”

இஸ்திரி போடுகிற பெண் அந்தப் பக்கத்திலிருந்து தலையை நீட்டினாள். “ஆமாண்ணே. எனக்கே அது பிழியறப்ப கை தானா வேகமாயிரும். கடைசி விரிப்பு எப்பவும் கோணலாத்தான் போகும்.”

இவன் நம்பவில்லை. அடுத்த மூட்டையைப் போட்டுவிட்டு, காதைக் கொடுத்து வாசித்துப் பார்த்தான். பிழிதல் ஆரம்பித்தது. நாலு சுரத்துக்குள் கை ஓட ஆரம்பித்ததை அவனே பார்த்தான். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டானாம். இயந்திரம் ஒரு பக்கம். நிற்பதற்குள் இன்னொரு தடவை என்ற அவசரம் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து, முடிவு நெருங்கினால் ஓட வேண்டும் என்று கைக்குப் பாடம் பண்ணி வைத்திருந்தன. எவ்வளவு அதிகம் பழகினானோ அவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது.

அன்றிலிருந்து முறையை மாற்றினான். துவைப்பு நடக்கும்போது மட்டும் வாசிப்பது. உருளை ஒரு பக்கம் சுற்றும்போது ஏறுவது, அது நிற்கும்போது இவனும் நிற்பது, மறுபக்கம் சுற்றும்போது இறங்குவது. பிழிதல் ஆரம்பித்தால் கம்பியைத் தொடுவதில்லை. எழுந்து அடுத்த மூட்டையைப் பிரிக்கப் போய்விடுவான். முழு ஸ்கேலையும் வாசிப்பதையும் விட்டான். ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்குத் தாவும் இடத்தில் சுண்டுவிரல் தடுமாறும். அந்த ஓர் இடத்தை மட்டும், முன்னே இரண்டு சுரம் பின்னே இரண்டு சுரம் சேர்த்து, ஆமை மாதிரி வாசித்தான். விரல் ஊறக்கூடாது என்று, இத்தனை வருடம் வேண்டவே வேண்டாம் என்ற ரப்பர் உறையையும் ஈரத்துணி அள்ளும்போது கையில் மாட்டிக்கொண்டான்.

கூட வேலை செய்கிறவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை. “அண்ணே, வண்டி ஒரே எடத்துல பஞ்சராகி நிக்குது. கொஞ்சம் தள்ளி விடட்டுமா?” என்று கேலி பண்ணினார்கள். மேற்பார்வைக்கார அம்மா, “முந்தி வாசிச்சப்ப தலவலி வந்துச்சு. இப்ப தூக்கம் வருது. பரவால்ல, முன்னேத்தம்தான்” என்றாளாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கார் ஷெட்டில் அதே பாட்டு. முதல் தடவை சரி. இரண்டாம் தடவையும் அதே நிதானம். மூன்றாம் தடவை டிரம்ஸ்காரர் கொஞ்சம் வேகமெடுத்துப் பார்த்தார். இவன் அசையவில்லை.

“யோவ், ஒன்கூட நானும் ரெண்டாவது கியர்லயே போகணுமா?”

“எனக்கு இப்ப இவ்வளவுதாண்ணே வரும். இதுக்கு மேல போனா தடுமாறுவேன்” என்றான் ஈரக்கை.

மச்சான் யோசித்தார். வேகப் பாட்டு ஒன்றை எடுத்துக் கேட்டார். இவனுக்கு வரவில்லை. வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். அதுதான் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும்.

“சரி. மெதுவான பாட்டு மூணுக்கும் நீ. வேகப் பாட்டுக்கு நான் கீபோர்டுல சமாளிச்சுக்கறேன்.”

“அப்ப நான் கீழ எறங்கி நிக்கணுமா மச்சான்?”

“எறங்க வேணாம். மேலயே உக்காரு. கம்பிய மட்டும் தொடாத.”

ரிசப்ஷன் அன்றைக்கு நானும் ஓரகத்தியும் முன்வரிசைக்குப் போய்விட்டோம். அவளுக்கு ஒரு காது மந்தம், அதனால் நல்ல காதுப் பக்கம் நான் உட்கார்ந்தேன். மேடையில் இவன், டிரம்ஸ்காரருக்குப் பக்கத்தில், மனைவி தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையில். முதல் பாட்டே வேகப் பாட்டு. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான்.

“ஏன் அவன் கை சும்மா இருக்கு? சம்பளம் வாங்காம வந்துட்டானா?”

“இரு அக்கா. அவன் முறை வரும்.”

இரண்டாவது பாட்டு மெதுவானது. நடுவில் எல்லாம் அடங்கி, கிட்டார் மட்டும் ஏறிற்று. உச்சியில் ஒரு கணம் நின்று, ஒவ்வொன்றாக இறங்கிற்று. தடுமாற்றம் இல்லை, ஓட்டமும் இல்லை. கூட்டத்தில் யாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டதாகச் சொல்ல முடியாது. சாப்பாட்டு வரிசையில்தான் பாதிப்பேர் நின்றார்கள். அவன் மனைவி மட்டும் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“இப்ப வந்துச்சே, அதுதான் நம்ம பையன்” என்றேன் ஓரகத்தியிடம்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் வாசிச்சா என்னவாம்?”

எல்லாம் முடிந்து ஒலிபெருக்கியைக் கழற்றும்போது மச்சான் இவன் தோளில் கை போட்டார். “அடுத்த மாசம் ஒன்னு இருக்கு மாப்ள. வேகப் பாட்டு ஒன்னும் சேத்துக்கிட்டு வா.”

“எந்தப் பாட்டு?”

சொன்னார். ஈரக்கை மனசுக்குள்ளேயே விரலை வைத்துப் பார்த்தான்.

“முழுப் பாட்ட இப்ப வேணாம் மச்சான். எந்த எடத்துல நான் தடுமாறுவேனோ அத மட்டும் நாளைக்கி மெதுவா வாசிச்சு அனுப்புங்க” என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டான்.