லாரி முறைக்கு ஒரு ப்ராஜெக்ட்

கொரட்டூரில் எங்கள் அடுக்குமாடிக்குத் தண்ணீர் லாரி வந்தால், தொட்டி நிரம்பும்வரை ஒருவர் கீழே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். இன்று யார் முறை என்பதில் தினம் சண்டை. சத்தம் பொறுக்காமல் நான்தான் ஒரு புரோகிராம் எழுதினேன். முறைக்காரரின் போனுக்கு முந்தின நாளே அது மெசேஜ் அனுப்பிவிடும்.

மகள் பிறந்ததும் வேலையை விட்டவள் நான். ஆறு வருடம் கழித்து ஒரு ஆன்லைன் நேர்காணல் வந்தது. அந்தக் கம்பெனி கேட்ட புரோகிராமை எழுதி வைத்திருந்தேன். அன்று காலை பார்த்தால் அது ஓடவே மாட்டேன் என்கிறது. எல்லாம் என் சோம்பேறித்தனம். வேலைக்கொரு ப்ராஜெக்ட் என்று தனித்தனிக் கோப்பாகப் பிரிக்காமல் லாரி முறை, மகளின் பெருக்கல் வாய்ப்பாட்டு விளையாட்டு, நேர்காணல் எல்லாவற்றையும் ஒன்றிலேயே திணித்திருந்தேன். விளையாட்டில் பாதியில் விட்ட ஒரு வரி மொத்தத்தையும் நிறுத்திவிட்டது.

"வேலைக்கு ஆகாத அந்த ரெண்டையும் அழிச்சிடும்மா," என்றார் கணவர், சாக்ஸ் மாட்டிக்கொண்டே.

எனக்குச் சுருக்கென்றது. அழிக்கவில்லை, மூன்று ப்ராஜெக்டாகப் பிரித்தேன். நேர்காணலுக்கானது ஓடியது. மற்ற இரண்டையும் மூடி வைத்தேன்.

திரையில் வந்த பெண்மணி என் புரோகிராமைப் பார்த்து, சுரத்தில்லாமல் "சரி" என்றார். போச்சு என்று நினைத்தேன். "நீங்க எழுதினதுல, யாராவது நிஜமா பயன்படுத்துறது இருக்கா?" என்று கேட்டார்.

கூச்சத்தோடு லாரி ப்ராஜெக்டைத் திறந்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து கேள்விகளை அடுக்கினார். முறைக்காரர் ஊருக்குப் போனால்? லாரி வராவிட்டால்? எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அந்தக் கேள்விகளோடு அக்கம்பக்கத்தார் ஏற்கெனவே என் கதவைத் தட்டியிருந்தார்களே.

"எவ்வளவு நாளா ஓடுது?"

"மூணு வருஷமா."

"அப்புறம் ஏன் ஆறு வருஷமும் வேலை செய்யலைன்னு எழுதியிருக்கீங்க?"

காலையிலிருந்து கணவர்மேல் வைத்திருந்த கோபம் என்மேலேயே திரும்பியது. இதெல்லாம் வேலையில்லை என்று அவர் வாயால் சொன்னதைத்தான் நான் முன்பே விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன்.

வேலை கிடைத்தது. செய்தி பரவியதும் கீழ்வீட்டு அக்கா மாடிப்படியில் மறித்தார். "நீ பாட்டுக்கு ஆபீஸ் போய்ட்டா லாரி மெசேஜ் இன்னா ஆவறது? அது வந்துகினு இருக்கறதாலதான் இங்க சண்டையில்லாம கீது."

"அது தனியா ஓடும்க்கா," என்றேன். "நாளைக்கு உங்க முறைதான்."