அடுப்பை விட்டு வந்த கோகிலவாணி

கோகிலவாணிக்குச் சொந்த ஊர் பொம்மிடி. அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலை. பாக்டீரியாக்களின் மரபணுவை ஆராய்ந்து முனைவரானவள் மேலாராய்ச்சிக்காகத் தைவானில் இரண்டு ஆண்டு இருந்தாள். அங்கே அறைத்தோழியிடம் பன்றி விலா எலும்புக் கறியைச் சீன முறையில் சுடக் கற்றாள்: சோயா சாஸ், தேன், பூண்டு, பட்டைத் தூள் தடவி ஊறவைத்து, தணலில் திருப்பித் திருப்பிச் சுட வேண்டும்.

ஊர் திரும்பி, தர்மபுரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். சித்தேரி மலைச் சாமையின் வேரில் வாழும் ஒரு பாக்டீரியா, மழை பொய்த்த ஆண்டிலும் சாகவில்லை. ஒவ்வொரு மரபணுவாகச் செயலிழக்க வைத்துப் பார்த்து, காரணமான ஒன்றைப் பிடித்தாள். அதை நீக்கினால் பாக்டீரியா காய்ந்த மண்ணில் செத்தது. திரும்பச் சேர்த்தால் பிழைத்தது. துறைத்தலைவர் ராஜப்பன் அந்த ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்த்ததே அபூர்வம்.

பெங்களூரு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றிலிருந்து சிலர் வந்த அன்று, ஏரியூரில் இருந்த தன் தோட்டத்தில் ராஜப்பன் விருந்து வைத்தார். முன்பு ஒருமுறை அவள் சுட்டுக் கொடுத்ததை ருசித்தவர் அவளைக் கூப்பிட்டார்.

"ஒன்னோட சைனீஸ் ரிப்ஸ் இல்லாம விருந்தா? நீதாம்மா செய்யணும்."

தன் ஆய்வைப் பற்றிப் பேசவும் கூப்பிடுவார் என்று நம்பி ஒப்புக்கொண்டாள்.

கொழுப்பு சொட்டித் தணல் சீறிக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தவர்களிடம் ராஜப்பன் சொல்வது காதில் விழுந்தது: "அந்த ஜீனைக் கண்டுபுடிக்க ராவும் பகலும் லேபுலயே கெடந்தேன்."

வந்தவர்களில் மூத்தவரான சோபனா அடுப்புப் பக்கம் திரும்பினார். "அவங்க யாரு?"

"நம்ம டிபார்ட்மெண்ட் பொண்ணு. ரிப்ஸ் பிரமாதமா போடுவா."

கோகிலவாணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இடுக்கியைப் போட்டுவிட்டு, சாஸ் வழியும் கையோடு ராஜப்பன் முன் போய் நின்றாள்.

"அதைக் கண்டுபுடிச்சது நானுங்க சார். பாக்டீரியா வளத்த தட்டை ஒரு நாளாவது தொட்டிருக்கீங்களா?"

அவர் சிரித்தார். "கறி கருகுது, போய்ப் பாரும்மா."

"கருகட்டுங்க. மலைக்கும் லேபுக்கும் பஸ்ல அலைஞ்சது உங்களுக்குக் கறி சுடறதுக்கில்லீங்க."

சோபனா எழுந்து தன் நாற்காலியை நகர்த்தினார். "நீங்களே சொல்லுங்க."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே முழுவதையும் சொன்னாள். ராஜப்பன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம், விருந்தினர் முன் மரியாதைக் குறைவாக நடந்ததாகக் கல்லூரி அவளிடம் விளக்கம் கேட்டது.

"மரியாதை கெட்டது யாருங்க?" என்று திருப்பிக் கேட்டவள் வேலையை விட்டாள். சோபனாவின் ஆய்வகத்தில் இடம் கிடைத்தது.

அந்த மரபணுவைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை அவள் பெயரை முதலில் போட்டு வெளியானது. கல்லூரி பிடிவாதம் பிடித்ததால் ராஜப்பன் பெயரும் கடைசியில் இருந்தது. அந்தக் கடைசிப் பெயர் எதற்கு என்று இன்றும் பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்கிறாள்.