மாமியின் ஜோடி

சர்ச் ஹாலில் மடக்கு நாற்காலிகளைத் தரையோடு இழுத்து எதிரெதிரே போடுகிற அந்தச் சத்தம்! புதன்கிழமை காலைகளில் அது கேட்கத் தொடங்கியதும் மாமி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சண்டைக்குப் போகிறவரைப் போல உள்ளே நுழைவார். மாமி என்றால் என் கணவரின் அம்மா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் கடைசியில், திருவனந்தபுரத்தில் எங்கள் தமிழ்ச் சபை முதியவர்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு ஆரம்பித்தபோது, அவரைக் கூட்டிக்கொண்டு போய்வருவது என் பொறுப்பாயிற்று.

ஆரோக்கியத்துக்காக என்றுதான் போதகர் அறிவித்தார். அதெல்லாம் சும்மா. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: திருவிருந்தில் பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு அப்பம் வாங்க வேண்டும், பிறகு நாலு பேர் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல் எழுந்திருக்க வேண்டும். முடியாதவர்களுக்குப் போதகர் இருக்கைக்கே கொண்டுவந்து தருவார். மாமிக்கு அது ஆகவே ஆகாது. "சீக்காளிக்குக் கஞ்சி கொண்டு வார மாதிரியாக்கும் அது" என்பார். குளியலறையில் விழுந்து முழங்கால் போனதிலிருந்து அவர் திருவிருந்தே வாங்கவில்லை. வீட்டில் அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

பயிற்சி தந்தவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் இழுக்க, மற்றவர் எழ வேண்டும். எழப் பயப்படுகிறவரிடம் "பேடிக்க வேண்டாம், பைய எழும்புங்க" என்பார். இழுக்கிறவரிடம், போதும் என்பதை மலையாளத்தில் "மதி, மதி" என்று சொல்லி நிறுத்துவார். மாமிக்கு வாய்த்த ஜோடி, சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்தவரின் மனைவி. பாடகர் குழுவில் முன்வரிசைக்குப் போட்டி போட்ட காலத்திலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மாஸ்டருக்கு அது தெரியுமா என்ன! "என்ன கனம்டி உனக்கு" என்று மண்டிக்காரம்மா முனக, "உம் புருசன் மண்டி அரிசியத் தின்ன ஒடம்பாக்கும் இது" என்று மாமி திருப்பிக் கொடுக்க, ஹாலே சிரித்தது. அதோடு சண்டை தீர்ந்தது. வருகிற ஈஸ்டருக்கு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போடுவது, ஒருத்திக்கொருத்தி கைகொடுத்து எழுவது என்று பேசிக்கொண்டார்கள்.

ஈஸ்டருக்கு முன்பே மண்டிக்காரம்மா தூக்கத்திலேயே போய்விட்டார்.

அடுத்த வகுப்பில் மாஸ்டர் வேறொருவரை ஜோடி சேர்க்க வந்தார். "எனக்கு ஆளுண்டு" என்றார் மாமி. காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார். எழுந்தார். நான் நன்றாகப் பார்த்தேன். முதலில் வந்தது தோள், பிறகுதான் உடம்பு. தானாக எழுகிறவர் அப்படி எழமாட்டார், யாராவது இழுத்தால்தான் அப்படி வரும். மாஸ்டர் பழக்கதோஷத்தில் "மதி, மதி" என்றார். சொல்லிவிட்டு அவரே நாற்காலியைப் பார்த்து முகம் வெளுத்துப் போனார்.

ஈஸ்டர் திருவிருந்தில் மாமி என் கையை உதறிவிட்டுப் பீடத்துக்குப் போனார். தன் இடப்பக்கம் ஓர் ஆள் இடம் விட்டு முழங்கால் போட்டார். அவ்வளவு கூட்டத்திலும் ஒருவரும் அந்த இடத்தில் வந்து சேரவில்லை. வரிசையாக அப்பம் கொடுத்துக்கொண்டே வந்த போதகர் அங்கேயும் நின்று, ஒரு துண்டை எடுத்து நீட்டி, திடுக்கிட்டுக் கையை மடக்கிக்கொண்டார். வரிசை எழுந்தது. மாமி எழவில்லை. ஐயோ, எல்லாரும் பார்க்கிறார்களே என்று நான் ஓடினேன்.

"தொடாத பிள்ளே" என்றார் மாமி, திரும்பாமலே. "அவ முதல்ல எழும்பட்டு."

காத்திருந்தார். அப்புறம் இடது கையை நீட்டினார், எழுந்தார். என் விரல்கூட அவர்மேல் படவில்லை. இருக்கைக்குத் திரும்பும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. மணிக்கட்டைத் தடவிவிட்டுக்கொண்டே நடந்துவந்தார்.

மாமி போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. அவருடைய அந்த வயது எனக்கும் வந்துவிட்டது. இப்போது பிசியோதெரபி படித்த ஒரு பெண் வந்து எங்களுக்குப் பயிற்சி தருகிறாள். ஆளுக்கொரு ரப்பர் பட்டையை அவரவரே இழுத்துக்கொள்கிறோம். ஒருவர் கையை ஒருவர் பிடிக்கிற வேலையே இல்லை. திருவிருந்தை நான் உட்கார்ந்த இடத்திலேயே வாங்கிக்கொள்கிறேன். முழங்கால் வலி என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. பீடத்துக்கு முன்னால் கையை நீட்டினால் மாமி பிடித்துவிடுவாரோ என்று பயம். நீட்டியும் யாரும் பிடிக்காமல் போய்விட்டால்? அதை நினைத்தால்தான் எழுந்து போகக் கால் வரமாட்டேன் என்கிறது.